ரெண்டு இஞ்சு தண்ணியும் அலமாரிக்குப் பின்னாடி பூஞ்சையும்

கேள்வி: சார், எனக்கு 47 வயசு. கம்ப்யூட்டர்ல வேலை, எங்க இருந்து வேணா பண்ணலாம். நானும் மனைவியும் நகரத்தை விட்டுட்டு நிலம் வாங்கி, வீடு கட்டி, அங்கேயே செட்டில் ஆயிடலாம்னு இருக்கோம். தேடித்தேடி ரெண்டு இடத்துல வந்து நிக்குது. ஒண்ணு மலையோட மழைப்பக்கம், வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டர் மழை, 4 ஏக்கர் சரிவு நிலம், கீழ ஓடை ஓடுது, எங்க பாத்தாலும் பச்சை. இன்னொண்ணு மலைக்கு அந்தப்பக்கம், 650 மில்லிமீட்டர்தான், 6 ஏக்கர் சமதளம், 700 அடி போர் ஒண்ணு இருக்கு, ரெண்டு இஞ்சு தண்ணி வருதுன்னு விக்கிறவர் சொல்றாரு, சுத்தி எல்லாமே விவசாயக் குடும்பங்க. அங்கன்னா 6 ஏக்கருக்கும் சொட்டுநீர் போட்டு காய்கறி பண்ணலாம்னு ஐடியா. மனசு மழைப்பக்கமே இழுக்குது, தண்ணிக்குப் பஞ்சமே வராதுல்ல. மனைவிக்கு லேசா வீசிங் உண்டு, இன்ஹேலர் வச்சிருக்காங்க. எதை வாங்கட்டும்?

பதில்: உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன் தம்பி. மழையைப் பத்தி அவ்வளவு எழுதிட்டு, மனைவியோட மூச்சுத்திணறலை கடைசியில போற போக்குல ஒரு வரியில போட்டிருக்கீங்க. என்னைக் கேட்டா அந்த வரியைத்தான் முதல்ல எழுதியிருக்கணும். நான் மண்ணும் தண்ணியும் பாக்குற ஆளு, டாக்டர் இல்ல, ஆனா மழை ஊர்ல வேலை விஷயமா நாலு வருஷம் குடும்பத்தோட குடியிருந்தவன், அதனால அங்க இருந்தே ஆரம்பிக்கிறேன்.

அந்த வீட்ல முதல் மழைக்காலம் முடிஞ்சதும் மர அலமாரியை நகர்த்திப் பாத்தோம். பின்பக்கம் பூரா பச்சையும் கறுப்புமா வெல்வெட் துணி ஒட்டுன மாதிரி பூஞ்சை. உள்ள இருந்த சர்டிபிகேட் ஃபைலைத் திறந்தா காகிதம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு உரிச்சு எடுக்க வேண்டியதாயிடுச்சு, தோல் பெல்ட்டு வெள்ளை பூத்துக் கெடக்கு, துணி துவைச்சுப் போட்டா மூணு நாளானாலும் காயாம ஒரு முக்கல் வாடை, அந்த வாடையோடவே போட்டுட்டு ஆபீஸ் போவோம். எங்க வீட்ல யாருக்கும் வீசிங் இல்ல, அதனால சிரிச்சுக்கிட்டே கடந்துட்டோம். உலக சுகாதார நிறுவனம் 2009ல வீட்டு ஈரத்துக்கும் பூஞ்சைக்கும்னே தனியா ஒரு வழிகாட்டி போட்டுச்சு, ஈரம் ஊறுன வீட்ல இருக்குறவங்களுக்கு ஆஸ்துமா, மூச்சுப் பிரச்சனை அதிகம்னு அதுல தெளிவா சொல்லியிருக்காங்க. மெத்தை, தலையணையில இருக்குற தூசிப்பூச்சி இருக்கே, கண்ணுக்கே தெரியாத சைஸ், அது காத்துல உள்ள ஈரத்தைக் குடிச்சுத்தான் வாழுது, வீட்டுக்குள்ள ஈரப்பதம் தொடர்ந்து 50 சதவீதத்துக்குக் கீழ இருந்தா அதால தாக்குப்பிடிக்க முடியாது, மழைப்பக்கத்துல மாசக்கணக்கா 80, 90லயே நிக்கும்.

அதுக்காக வறண்ட ஊர் காத்து சுத்தம்னும் நெனச்சுக்காதீங்க. விவசாய ஊர்ல உழவு ஓட்டுறப்போ புழுதி, கதிரடிக்கிறப்போ தூசி, பக்கத்துக் காட்டுல மருந்தடிச்சா காத்து உங்க ஜன்னல் பக்கம் திரும்புனா அன்னிக்குப் பூரா வாடை, சில ஊர்ல அறுத்த தட்டையைக் கொளுத்துவாங்க. வித்தியாசம் என்னன்னா இதெல்லாம் வந்துட்டுப் போற தொல்லை, கதவைச் சாத்திக்கலாம், ரெண்டு நாள் வெளிய போயிட்டு வரலாம். சுவத்துக்குள்ள ஊறுன ஈரத்துக்கு எந்தக் கதவைச் சாத்துறது? முதல்ல அவங்களோட நெஞ்சு டாக்டர்கிட்ட ரெண்டு இடத்தையும் சொல்லிக் கேளுங்க. அப்புறம் மழை உச்சத்துல இருக்குற மாசத்துல மனைவியோட போய் மழைப்பக்கத்துல ஒரு வாரம் தங்குங்க, லாட்ஜ்ல இல்ல, யாராவது குடியிருக்குற வீட்ல. வெயில் மாசத்துல போய்ப் பாத்துட்டு "சொர்க்கம் சார்"னு எழுதுறவங்கதான் எனக்கு வர்ற லெட்டர்ல முக்காவாசி.

சரி, இப்போ தண்ணிக்கு வர்றேன். "தண்ணிக்குப் பஞ்சமே வராதுல்ல"ன்னு எழுதியிருக்கீங்க. சிரபுஞ்சி தெரியும்ல, வருஷத்துக்கு 11,000 மில்லிமீட்டர் பக்கம் மழை கொட்டுற இடம், அங்கேயே குளிர்கால மாசங்கள்ல குடிக்கத் தண்ணி இல்லாம ஜனங்க குடத்தோட நடக்குறாங்க. காரணம் பெருசா ஒண்ணுமில்ல, சரிவான நிலம், கீழ ஓட்டை ஒடிசலா சுண்ணாம்புப் பாறை, மேல மண்ணு மெலிசு, விழுறது அத்தனையும் பள்ளத்தாக்குக்கு ஓடிப்போயிடுது. மழை எவ்வளவு பெய்யுதுங்கிறதுல பாதி விஷயம்கூட இல்ல, அது அங்க தங்குதா, எந்த மாசம் வரைக்கும் தங்குதுங்கிறதுதான் கேள்வியே. உங்க ஓடையை மழை முடிஞ்ச மறுமாசம் பாத்திருப்பீங்கன்னு நினைக்கிறேன், கோடை கடைசியில போய்ப் பாருங்க, கணுக்கால் நனையுற அளவாவது ஓடுதா இல்ல கல்லு மட்டும் பல்லைக் காட்டுதான்னு. ஓடைக்கு மேல யாரு நிலம், அவங்க மோட்டார் வச்சிருக்காங்களான்னும் விசாரிங்க. ஓடை உங்க நிலத்துக்குள்ள ஓடுறதால மட்டும் அது உங்க தண்ணி ஆயிடாது, எடுக்கலாமா, எவ்வளவு எடுக்கலாம்ங்கிறதுக்கு ஊருக்கு ஊர் சட்டம் வேற.

நீங்க பாத்த ரெண்டு இடமும் ஒரே மலையோட ரெண்டு பக்கம்ங்கிறது எனக்கு ஆச்சரியமா இல்ல, அப்படித்தான் இருக்கும். கடல்ல இருந்து வர்ற ஈரக்காத்து மலையில மோதி மேல ஏறுது, ஏற ஏறக் குளிருது, ஈரத்தை எல்லாம் இந்தப்பக்கமே கொட்டிட்டு அந்தப்பக்கம் காஞ்ச காத்தா இறங்குது, அதான் மழைமறைவுப் பிரதேசம். ஹவாய்ல கவாய்னு ஒரு தீவு, அதோட நடு மலையில வருஷத்துக்கு 9,000 மில்லிமீட்டருக்கு மேல பெய்யுது, அங்க இருந்து 30 கிலோமீட்டருக்குள்ள மேற்குக் கடற்கரையில 500 சொச்சம்தான். ஏன் சொல்றேன்னா, வறண்ட பக்கத்துல அஞ்சு கிலோமீட்டர் தள்ளுனாலே கணக்கு மாறும், பக்கத்து டவுன் மழை அளவை வச்சு நிலம் வாங்காதீங்க. 650ங்கிறது சராசரி, சராசரிக்கு ஒருநாளும் மழை பெஞ்சதில்ல. 30 வருஷக் கணக்கை வாங்கி அதுல மோசமான அஞ்சு வருஷத்தை மட்டும் எடுத்து வைங்க, அதுல ரெண்டு வருஷம் அடுத்தடுத்து வந்திருக்கான்னு பாருங்க. வறண்ட ஊர்ல சராசரியை விட இந்த ஏத்த இறக்கம்தான் ஆளைக் கவுக்கும்.

அடுத்து அந்த "ரெண்டு இஞ்சு தண்ணி". இதைக் கேட்டா எனக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் கோவமும் வரும். எதுல அளந்த ரெண்டு இஞ்சு? பைப்பு வாயா, இல்ல வி-நாட்ச் தகடா? போர் போடுறவங்க தொட்டியில வி வடிவத்துல வெட்டுன தகட்டை வச்சு, அந்த வெட்டுல தண்ணி எத்தனை இஞ்சு உசரத்துக்கு நிக்குதுன்னு பாப்பாங்க. 90 டிகிரி வெட்டுல ரெண்டு இஞ்சு நின்னா செகண்டுக்கு 0.8 லிட்டர், அதாவது மணிக்கு 2,900 லிட்டர் பக்கம். தகடெல்லாம் வேண்டாம், 20 லிட்டர் பக்கெட்டையும் போனையும் எடுத்துட்டுப் போங்க, பக்கெட் நிறைய 25 செகண்ட் ஆனா அதுதான் அது.

இப்போ உங்க 6 ஏக்கர் காய்கறியைப் பாப்போம். வெயில் காலத்துல வளந்த பயிர் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணி கேக்கும்னு வைங்க, கூடவே கேக்கும் ஆனா கம்மி வராது. ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர்னா ஒரு லிட்டர், ஒரு ஏக்கர்ங்கிறது 4,047 சதுர மீட்டர், ஆக ஏக்கருக்கு ஒரு நாளைக்கு 20,000 லிட்டர். உங்க போர் மணிக்கு 2,900ன்னா ஏழு மணி நேரம் ஓடுனா ஒரு ஏக்கர். 6 ஏக்கருக்கு 42 மணி நேரம் வேணும், நாளுக்கு 24தான் இருக்கு தம்பி. சொட்டுநீர் தண்ணியை வீணாக்காது, சரி, ஆனா செடி குடிக்கிறதை அது குடிக்காதேன்னு சொல்லாது. கரண்டையும் பாத்துடுங்க, தண்ணி 180 மீட்டர் ஆழத்துல நிக்குதுன்னு வச்சா, அங்க இருந்து 20,000 லிட்டரைத் தூக்க, மோட்டாரும் பம்பும் சேந்து பாதி வீணாக்குறதையும் கணக்குல எடுத்தா, தினம் 20 யூனிட் கிட்ட ஆகும். ஒரு ஏக்கருக்கு. தண்ணி மட்டம் இறங்க இறங்க இந்த நம்பரும் ஏறும்.

விக்கிறவர் பொய் சொல்றார்னு நான் சொல்லல, அவர் போர் போட்ட அன்னிக்கு ரெண்டு இஞ்சு வந்திருக்கலாம். எங்கிட்ட வந்த ஒருத்தர் நல்ல மழை முடிஞ்ச கையோட டெஸ்ட் பண்ணி, தண்ணி பீச்சி அடிக்கிறதை வீடியோ எடுத்து எனக்கே அனுப்புனாரு, நானும் வாழ்த்து சொன்னேன் (என் புத்தியையும் சொல்லணும்), கோடையில அதே மோட்டார் முக்கா மணி நேரத்துல காத்து இழுக்க ஆரம்பிச்சிடுச்சு. அதனால டெஸ்ட்டை கோடை உச்சத்துல வைங்க. மோட்டார் போடுறதுக்கு முன்னாடி தண்ணி எத்தனை அடியில நிக்குதுன்னு அளங்க, 24 மணி நேரம் விடாம ஓட்டுங்க, நடு நடுவுல பக்கெட் பிடிச்சு நேரம் குறிங்க, நிறுத்துனப்புறம் பழைய மட்டத்துக்கு ஏறி வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாருங்க. இந்தக் கடைசி நம்பர்தான் ஊத்தோட நிஜமான பலம், அதை யாரும் அளக்குறதில்ல. இதுக்கு விக்கிறவர் ஒத்துக்கலைன்னா மேல பேசவே வேண்டாம், எந்திரிச்சு வந்துடுங்க.

அந்த ஊர்ல போர் வண்டி ஓட்டுறவரைத் தேடிப் புடிச்சுப் பேசுங்க, புரோக்கரை விட அவருக்குத்தான் உண்மை தெரியும், பத்து வருஷத்துக்கு முன்னாடி எத்தனை அடியில கெடச்சது, இப்போ எத்தனைன்னு ஒரே ஒரு கேள்வி போதும். சுத்தி நடந்தா கைவிட்ட போர் எத்தனைன்னு கண்ணுலயே படும், கல்லை வச்சு மூடியிருப்பாங்க, மூடாமலும் இருப்பாங்க, பாத்து நடங்க. நிலத்தடித் தண்ணியை உறிஞ்சிக்கிட்டே இருந்தா என்ன ஆகும்ங்கிறதுக்கு கலிஃபோர்னியாவுல ஒரு போட்டோ இருக்கு. சான் வாக்கின் பள்ளத்தாக்குல ஒரு கம்பம் பக்கத்துல ஆள் நிக்கிறாரு, அவர் தலைக்கு ரொம்ப மேல 1925ன்னு ஒரு போர்டு, கொஞ்சம் கீழ 1955, கால்கிட்ட 1977. அந்தந்த வருஷம் தரை இருந்த மட்டம் அது. 52 வருஷத்துல நிலமே எட்டரை மீட்டர் கீழ இறங்கிடுச்சு. பாத்தா நம்ப மாட்டீங்க, ஆனா அப்பவும் அங்க பாசனம் நடந்துக்கிட்டேதான் இருந்துச்சு.

தண்ணியை லேபுக்கும் அனுப்புங்க. விவசாய ஊர்ல உரம் இறங்கி நைட்ரேட் இருக்கும், உலக சுகாதார நிறுவனத்தோட அளவுப்படி குடிக்கிறதுக்கு லிட்டருக்கு 50 மில்லிகிராம் தாண்டக் கூடாது, ஃப்ளோரைடு 1.5 தாண்டக் கூடாது. உப்பும் முக்கியம். லிட்டருக்கு அரை கிராம் உப்பு இருக்குற தண்ணி நாக்குக்குப் பெருசா தெரியாது, ஆனா வருஷத்துக்கு அரை மீட்டர் பாசனம் பண்ணா ஒரு ஏக்கர்ல ஒரு டன் உப்பைக் கொண்டுவந்து கொட்டுறீங்க. மழை நிறைய இருந்தா கழுவிட்டுப் போயிடும், 650ல எல்லாம் கழுவாது, கொஞ்ச வருஷத்துல மேல வெள்ளையா பூத்து நிக்கும். குடிக்க, சமைக்க நான் போரை நம்பவே சொல்ல மாட்டேன், கூரையை நம்புங்க. 100 சதுர மீட்டர் கூரையில 650 மில்லிமீட்டர்னா 65,000 லிட்டர், சிந்துனது சிதறுனது போக 50,000 கெடச்சாலும் ரெண்டு பேருக்குத் தினம் 130 லிட்டருக்கு மேல வருஷம் பூரா வருது. தொட்டி மட்டும் பெருசா கட்டணும், வறண்ட ஊர் வீட்ல அஸ்திவாரத்துக்கு அடுத்த செலவு தொட்டிதான்.

மழைப்பக்க விவசாயத்தைப் பத்தியும் சொல்லிடுறேன், இல்லைன்னா ஒருதலையா பேசுறேன்னு நெனப்பீங்க. அங்க விளைய வைக்கிறது கஷ்டமில்ல, காய வைக்கிறதுதான் கஷ்டம். தானியம் 12, 14 சதவீத ஈரத்துக்கு இறங்கலைன்னா மூட்டையிலேயே பூசணம் பிடிக்கும், களத்துல பரப்புனா வானம் இருட்டும், அள்ளி உள்ள போட்டா வெயில் அடிக்கும், அந்த ஓட்டத்துலயே அறுவடை மாசம் முடிஞ்சிடும். பூஞ்சாண நோய் வந்தா நிக்காது. 1845ல அயர்லாந்துல உருளைக்கிழங்கைக் கருக்குனது ஈரக்குளிர்ல பரவுற நோய்தான், 1869ல இலங்கையில காபி இலைத் துரு வந்து, தோட்டம் தோட்டமா காபியை அழிச்சு, கடைசியில அந்தத் தீவே தேயிலைக்கு மாறிடுச்சு. மண்ணும் ஏழை மண்ணு, பச்சையைப் பாத்து ஏமாறக் கூடாது, அத்தனை மழையும் சுண்ணாம்புச் சத்தையும் மெக்னீசியத்தையும் கழுவிட்டுப் போய் மண்ணைப் புளிக்க வச்சிடும், பி.எச் (புளிப்பு, காரத்தைக் காட்டுற அளவு, 7க்குக் கீழன்னா புளிப்பு) 5.5க்குக் கீழ போனா மண்ணுல உள்ள அலுமினியம் கரைஞ்சு வந்து வேர் நுனியைக் கருக்கும். அங்க பொருந்துறது காபி, மிளகு, ரப்பர் மாதிரி நின்னு நிதானமா காய்க்கிற பயிருங்க, காபிக்கு மூணு நாலு வருஷம், ரப்பருக்கு ஆறேழு வருஷம் காத்திருக்கணும். பொறுமையும் வேற வருமானமும் இருந்தா நல்ல வாழ்க்கை, நான் மறுக்கல. வறண்ட பக்க மண்ணுல சிக்கல் தலைகீழ், பி.எச் 8 தாண்டி நிக்கும், கீழ சுக்கான் (சுண்ணாம்புக் கட்டி) இருக்கலாம், இரும்பு, துத்தநாகம் கெடைக்காம இளம் இலை மஞ்சளடிக்கும், ஆனா அதை எரு, தழை உரம், இலைவழித் தெளிப்புன்னு சமாளிச்சுடலாம்.

உங்க வேலை நெட்டை நம்பி இருக்குங்கிறதையும் மறந்துட்டீங்க. மழைப்பக்கத்துல மரம் சாஞ்சா கம்பி போச்சு, கம்பி போனா கரண்டும் நெட்டும் போச்சு, ரோட்டுல மண்ணு சரிஞ்சா லைன்மேனும் வர முடியாது. சரிவுல வீடு கட்ட மலையை வெட்டித் தளம் எடுக்குறது இன்னும் ஆபத்து, அந்த வெட்டுன முகம்தான் அடைமழைல முதல்ல கழண்டு வரும்.

ஊர் ஜனத்தைப் பத்தி ஒரு வரியில முடிச்சிருந்தீங்க, "எல்லாமே விவசாயக் குடும்பங்க"ன்னு. தண்ணி கம்மியான ஊர்ல ஜனங்க ஒருத்தரை ஒருத்தர் கவனிச்சுக்கிட்டே இருப்பாங்க, அன்பாலயும்தான், யாரு எத்தனை மணிக்கு மோட்டார் போட்டாங்கன்னு தெரிஞ்சுக்கவும்தான். ஸ்பெயின்ல வலென்சியான்னு ஒரு ஊரு, அங்க வாராவாரம் வியாழக்கிழமை மதியம் 12 மணிக்கு சர்ச் வாசல்ல விவசாயிங்களே உக்காந்து வாய்க்கால் தண்ணித் தகராறைத் தீக்குறாங்க, பல நூறு வருஷமா நடக்குது, 2009ல யுனெஸ்கோ அதைப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்துச்சு. அவ்வளவு முறையா இல்லைன்னாலும் உங்க ஊர்லயும் எழுதாத முறை ஒண்ணு இருக்கும். புதுசா வந்த ஆளு வந்த வேகத்துல இன்னும் ஆழமா ஒரு போர் போட்டு 6 ஏக்கருக்கும் பைப்பு இழுத்தா, பக்கத்துக் காட்டுக்காரர் போர் வத்துனப்போ முதல் பேச்சே உங்க பேர்லதான் வரும், அது நியாயமாவும் இருக்கலாம்.

என் முடிவைக் கேட்டீங்க. உங்க வீட்டு நிலைமைக்கு வறண்ட பக்கம்தான். ஆனா நீங்க எழுதுன பிளான் இல்ல. முதல்ல அந்த ஊர்லயே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஒரு முழு கோடையும், உழவு, அறுவடை, மருந்தடி சீசனும் மனைவியோட இருந்து பாருங்க, அவங்க இன்ஹேலர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை தேவைப்படுதுன்னு காலண்டர்ல குறிச்சுட்டே வாங்க, அந்தக் காலண்டர் என்னை விட நல்லா பதில் சொல்லும். அவங்களுக்குப் புழுதி ஒத்துக்கலைன்னா அந்த இடமும் வேண்டாம், வேற தேடலாம். ஒத்துக்கிச்சுன்னா நிலத்தை வாங்கி ஒரு ஏக்கருக்கு மட்டும் சொட்டுநீர் போடுங்க, மிச்ச அஞ்சுல மழையை நம்பி சோளம், கம்பு, பயறு, எள்ளுன்னு போகட்டும், ஓரத்துல மரம் வைங்க. பண்ணைக்குட்டை வெட்டலாம், 20க்கு 20 மீட்டர்ல மூணு மீட்டர் ஆழம் வெட்டுனா கரைச்சரிவைக் கழிக்காம 12 லட்சம் லிட்டர் நிக்கும், வறண்ட ஊர்ல வருஷத்துக்கு ஒன்றரை மீட்டருக்குக் குறையாம வெயிலே குடிச்சிடும்ங்கிறதை மட்டும் மனசுல வச்சுக்கங்க, அதனால அகலத்தைக் குறைச்சு ஆழத்தைக் கூட்டுறது லாபம். முதல் மூணு வருஷம் நிலத்துல இருந்து ஒரு பைசா வரும்னு வீட்டு பட்ஜெட்ல எழுதாதீங்க.

மழைப்பக்கம் மனசை விட்டுப் போகாது, எனக்கே இன்னும் போகல. வருஷத்துக்கு ஒரு மாசம் போய்த் தங்கிட்டு வாங்க, நாங்க அப்படித்தான் பண்றோம், பெல்ட்டை மட்டும் வீட்லயே வச்சுட்டுப் போறது.

கோடையில போர் டெஸ்ட் முடிஞ்சதும் நாலு நம்பர் எழுதி அனுப்புங்க: ஆரம்பத்துல தண்ணி நின்ன மட்டம், பக்கெட் நிறைஞ்ச நேரம் முதல் மணியிலயும் கடைசி மணியிலயும், நிறுத்துனப்புறம் பழைய மட்டத்துக்கு வந்த நேரம். வீடியோ வேண்டாம்.